தோகர்சன்களின் இடம்

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து லவுஸ்டின் உதடுகளில் ஒற்றிக்கொண்டே சிசெல் காதை ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள். போடிலின் கார் எந்த நேரமும் வந்துவிடும். அதற்குள் கேட்டுவிட வேண்டும். காலையிலிருந்து எத்தனையோ முறை வாயைத் திறந்து, அத்தனை முறையும் மூடிக்கொண்டாயிற்று. சாகக் கிடக்கிறவரிடம் போய், உங்களை எங்கே புதைப்பது என்று எப்படிக் கேட்பது?

லவுஸ்ட் அவளைப் பெற்றவர் இல்லை. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவள் அம்மா இங்கர் ஒரு பெட்டியும் ஒரு பூனையுமாக இந்த வீட்டுக்குக் குடிவந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்போது டென்மார்க்கில் எத்தனையோ பேர் அப்படித்தான் இருந்தார்கள். காகிதமில்லாத குடும்பம் என்று அதற்குப் பெயர். அறுவடை முடியட்டும், படகுக் கடன் தீரட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் இருவருக்கும் அது மறந்தே போனது. பதினெட்டு வயதில் சிசெல் தானாகவே மனுக் கொடுத்து லவுஸ்டின் குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டாள். சிசெல் தோகர்சன். லவுஸ்ட் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசல் கொடிமரத்தில் கொடியை ஏற்றிவிட்டுப் படகுக்குப் போனார். பிறந்தநாளுக்கு மட்டும்தான் அந்த வீட்டில் கொடி ஏறும்.

இங்கர் சில வருடங்களுக்கு முன்பு போய்விட்டாள். இந்த ஊர், ஹால்பியர், சர்ச்சின் கிழக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்னக் கல். பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டிருக்கிறது. அது யாருக்கு என்று லவுஸ்ட் ஒருநாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பார், அவ்வளவுதான். இந்த ஜட்லாந்துக் கரைக்காரர்களோடு இதுதான் பெரிய தொல்லை. காட் மீன் விலையைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். பேசியே ஆகவேண்டிய விஷயம் என்று வந்தால் வாயில் கொழுக்கட்டை.

சிசெல் குனிந்தாள். "லவுஸ்ட், அம்மா பக்கத்துலதானே?"

அவர் கண் பாதி திறந்தது. அவளைப் பார்த்ததா, அவளுக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்ததா என்று தெரியவில்லை.

"காத்து எந்தப் பக்கம்?" என்றார்.

"மேக்கு."

"ம்."

கண் மூடிக்கொண்டது. அதே நேரம் வெளியே சரளைக் கற்களில் சக்கரம் நெரிபடும் சத்தம் கேட்டது. 

போடில் லவுஸ்டின் தங்கை. சட்டப்படி அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே நெருங்கிய சொந்தம். திஸ்டெட் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தே காலம் தள்ளியவள். எந்தத் தோகர்சன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அப்போதிருந்தே அவளுக்கு அத்துப்படி. சமையலறைச் சுவரில் பெரிய வரைபடம் மாட்டி, ஒரு தோகர்சனுக்கு ஒரு குண்டூசி என்று குத்தி வைத்திருந்தாள். இந்தக் கரையோரம் முழுக்க ஊசி முள்ளம்பன்றியாக இருந்தது ஒரு காலம். பிறகு ஆல்போர்க்கில் கொஞ்சம், தலைநகரத்தில் கொஞ்சம் என்று நகர ஆரம்பித்தன. அமெரிக்காவின் கோதுமை மாநிலங்களில் ஒரு கொத்து, பெயரின் எழுத்தையே மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நியூசிலாந்தில் ஒருவன் தனியாக இருக்கிறான். யாராவது செத்தால் போடில் ஊசியைப் பிடுங்கிவிடுவாள். ஹால்பியரில் இப்போது ஒரே ஓர் ஊசி. சிசெலுக்கு அவள் ஊசி குத்தவே இல்லை.

உள்ளே வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணனின் காலடியில் நின்றாள்.

"சாப்பிட்டானா?"

"தண்ணி மட்டும்தான். நேத்துலேர்ந்து."

"என்னைத் தேடினானா?"

"காத்து எந்தப் பக்கம்னு கேட்டார்."

"அதானே. கடல் இருக்கிற வரைக்கும் நாமெல்லாம் எதுக்கு?" போடில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீயாவது எதாச்சும் சாப்பிட்டியா? மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு. இரு, காபி போடறேன்."

இந்த அம்மாளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சிசெலுக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பது வயதில், தோகர்சன் குடும்பத்தின் கோடை விருந்தில், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துத் தானும் 'அத்தை' என்று கூப்பிட்டுவிட்டாள். "போடில்னு கூப்பிடு, போதும்," என்றாள் அவள், முகத்தில் அடித்தாற்போல, அத்தனை பேர் முன்னால். அன்றிலிருந்து சிசெல் எந்தப் பெயரும் சொல்லாமலேயே சமாளித்து வந்திருக்கிறாள்.

அந்த விருந்துகளில் போடிலின் பிரசங்கம் ஒன்று கட்டாயம் உண்டு. முன்னொரு காலத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரோடு 'சன்' சேர்த்தால் அது பிள்ளையின் பெயர். அவன் பிள்ளைக்கு வேறு பெயர். யார் யாருக்குப் பிறந்தவர் என்று புரியாமல் விழித்த அரசாங்கம், போதும், இனி அவரவர் பெயர் அப்படியே நிற்கட்டும் என்றது. அந்த நேரத்தில் தோகரின் பிள்ளைகளாக இருந்தவர்கள் என்றைக்கும் தோகர்சன் ஆனார்கள். போடில் இதோடு முடித்துக் கைதட்டலுக்குக் காத்திருப்பாள். அப்போது பார்த்து லவுஸ்ட் பியர் கோப்பையோடு எழுந்திருப்பார்.

"அது ரெண்டாவது தோகர்! மொத தோகரைக் கடல் கொண்டுபோயிடுச்சு. புள்ளைகுட்டி கெடையாது. அவன் பொண்டாட்டி மாரென் பண்ணையாள் கிறிஸ்டனைக் கட்டிக்கிட்டா. பொறந்த மொத பையனுக்குச் செத்த புருஷன் பேரை வச்சா. அப்பல்லாம் அதான் வழக்கம். நம்ம ஒடம்புல தோகர் ரத்தம் ஒரு சொட்டு கெடையாது. எல்லாம் கிறிஸ்டன் ரத்தம். பாவம், ஒழைச்சது அவன், பேரு இன்னொருத்தனுக்கு!"

எல்லோரும் சிரிப்பார்கள். போடிலுக்குக் காது சிவந்துவிடும்.

சமையலறையில் கெண்டி கொதிக்கும் சத்தம் கேட்டது. லவுஸ்டின் மூச்சு நின்று நின்று வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிசெலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது. மறுபடி காத்திருந்தாள். வந்தது. அடுத்த முறை காத்திருந்து காத்திருந்து அவளுக்கே மூச்சு முட்டி, அவள்தான் முதலில் மூச்சு விட்டாள். அவர் விடவில்லை.

போடில் தட்டோடு வந்து வாசற்படியில் நின்றாள். பார்த்தாள். தட்டை மெதுவாக அலமாரி மேல் வைத்துவிட்டு நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். போகிறவருக்கு வழி விட வேண்டும். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே பாய்ந்த காற்று திரையைத் தூக்கி லவுஸ்டின் முகத்தில் போட்டது. சிசெல் அதை எடுத்துவிட்டாள். மறுபடியும் போட்டது. மறுபடியும் எடுத்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வீட்டு நர்ஸ் உடம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். சிசெல் வாசலுக்குப் போய்க் கொடியை உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்கிக் கட்டினாள். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. திரும்பி வந்தபோது போடில் தொலைபேசியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சவப்பெட்டிக்காரர் நாலு மணிக்கு வர்றார். எந்த இடம்னு கேட்டார். மேக்குச் சுவர் ஓரம், எங்க குடும்ப இடம்னு சொல்லிட்டேன்."

சிசெல் கதவருகிலேயே நின்றாள்.

"அம்மா பக்கத்துல எடம் இருக்கு."

"உங்கம்மா அவனைக் கட்டிக்கல."

"சாகற வரைக்கும் இந்த வீட்லதான் இருந்தாங்க."

"இருந்தா. இல்லேன்னா சொன்னேன்? நல்ல மனுஷிதான். மீனை மட்டும் எப்பவும் தீய்ச்சிடுவா." போடில் மேசையில் இல்லாத ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டினாள். "அவன் எதாவது சொல்லியிருந்தா சரி. சொன்னானா? உன்கிட்ட வாய் தெறந்து சொன்னானா?"

சொன்னார் என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இல்ல," என்றாள் சிசெல்.

"என்கிட்டயும் சொல்லல. அப்ப நான்தானே முடிவு பண்ணணும்?" போடில் எழுந்தாள். "எதுக்குப் பிடிவாதம் பிடிக்கிறேன்னு நெனைக்கிறே. வா, வந்து பாரு."

சர்ச் வீட்டுக்கு அடுத்த மேட்டில்தான். இருவரும் காற்றுக்குத் தலை குனிந்து, பேசாமல் ஏறினார்கள். நாலு மணிக்குச் சவப்பெட்டிக்காரர் வந்து பெட்டியை மூடிவிட்டால், சர்ச்சில் பெயர் பதிந்துவிட்டால், பிறகு யாரிடம் போய் மன்றாடுவது? பொய்யையே சொல்லித் தொலைத்திருக்கலாமோ என்று சிசெல் ஒவ்வொரு அடிக்கும் நினைத்தாள். அம்மா கிழக்கே தனியாக, இவர் மேற்கே தனியாக. அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை.

மேற்குச் சுவர் ஓரம் முழங்கால் உயர வேலிச்செடி கட்டிய ஒரு சதுரம். உள்ளே வாரிக் கோடு போட்ட சரளை. நடுவில் கரடுமுரடான பெரிய கல், அதில் தோகர்சன் என்று மட்டும். கல்லின் மூலையில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"சர்ச் ஆபீசுல ஒட்டினது," என்றாள் போடில். "எடத்தோட குத்தகைக் கெடு முடியுது. இந்தப் பக்கத்தை முழுக்கப் புல்தரை ஆக்கப்போறாங்களாம். புதுசா யாரும் வராத, வர்றதா பேரும் பதியாத எடத்தை இனிமே நீட்டிக்க மாட்டாங்க. அங்க பாரு."

சுவரை ஒட்டி, பிடுங்கிய பழைய கல்லறைக் கற்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

"கொஞ்ச நாள் அப்படி வச்சிருப்பாங்க. அப்புறம் ஒடைச்சு ரோட்டுக்குப் போட்டுடுவாங்க. எங்கப்பா அம்மா மேல புல்வெட்டுற மெஷின் ஓடும். அண்ணன் வந்தா எடம் நிக்கும். இந்த ஊர்ல எங்களுக்குன்னு இருக்கிறது இந்த ஒரு கல்லுதான், சிசெல்."

அவள் குரல் உடைந்ததை சிசெல் இதுவரை கேட்டதே இல்லை. இத்தனை வருடமாகப் பயந்து வந்த பெண்பிள்ளையும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள் என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"நீங்க இங்க வரலாமே?" என்றாள்.

"நானா? திஸ்டெட் கல்லறையில என் வீட்டுக்காரர் ஓவே காத்துக்கிட்டு இருக்கார். எங்க கல்லுல என் பேரைக்கூட வெட்டியாச்சு. தேதிதான் பாக்கி. அந்த மனுஷனைத் தனியா விட்டுட்டு நான் எப்படி..."

நிறுத்திக்கொண்டாள். சிசெல் கிழக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்று இருவரின் கோட்டையும் பிடித்து இழுத்தது.

"நான் வரேன்," என்றாள் சிசெல்.

"எங்க?"

"இங்க. என் பேருக்கு இந்த எடத்தைப் பதிஞ்சிடறேன். யாராவது வரணும், அவ்வளவுதானே? இப்பவேதான் வரணும்னு இல்லையே."

"ஒனக்கு அம்பதுகூட ஆகல. கண்டபடி பேசாத."

"எனக்குப் பக்கத்துல யாரும் காத்துக்கிட்டு இல்ல. கட்டினவனும் எப்பவோ போயிட்டான். எங்கயோ ஒரு எடத்துல படுக்கத்தானே போறேன்?"

காலடியில் இருக்கும் இந்தச் சரளைக்கு அடியில் தான் என்று நினைத்துப் பார்த்தாள். அதைவிட, போடில் என்ன சொல்லப்போகிறாள் என்பதுதான் பயமாக இருந்தது. நீ தோகர்சனா என்று அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். திரும்பிப் போய்விட வேண்டியதுதான்.

போடில் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மஞ்சள் சீட்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். அது வரவில்லை.

"கிறிஸ்டனை எங்க பொதைச்சாங்கன்னு யாருக்கும் தெரியல," என்றாள். "நான் தேடிட்டேன். சுத்துப்பட்டு சர்ச் எல்லாத்துலயும். லவுஸ்டுக்குத் தெரியாம."

சிசெல் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா அவன் என்னை உசுரோட விட்டிருப்பானா? வருஷா வருஷம் பியரைத் தூக்கிக்கிட்டு எழுந்திருப்பான்." போடில் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆபீசுல என்ன பேர் குடுப்பே?"

"சிசெல் தோகர்சன். வேற பேரு எனக்கு இல்லையே."

போடில் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டி, காதை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். "நான்தான், போடில். எடம் மாறுது. கெழக்குப் பக்கம். ஆமா, இங்கர் பக்கத்துல. இல்ல, குழப்பம் ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு வாங்க, அவன் பொண்ணு வீட்லதான் இருப்பா."

சிசெல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போடில் கருவிக்கொட்டகைக்குப் போய் பல் வைத்த வாரி ஒன்றை எடுத்து வந்து, இருவரின் கால் தடங்களையும் அழித்துச் சரளையில் கோடு போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். பாதி வந்ததும் நின்றாள். கல்லின் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வேலிச்செடியைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் போய்க் கன்னத்தைக் காற்றுக்குக் காட்டி நின்றாள்.

"நீ வரும்போது இந்தப் பக்கமா வா," என்றாள். "இங்க காத்து கொஞ்சம் கம்மி."