இரவு இரண்டு மணி

பிராணு எழுந்தான். பல் துலக்கினான். கொட்டை வறுக்கச் சோம்பி, கடைக் காப்பித்தூளையே கரைத்துக் குடித்தான். சுவர்க்கடிகாரத்தில் மணி ஏழு. ஜன்னலோரம் கிடந்த மனைவி ஹாவியின் கைக்கடிகாரத்தில் ஒன்று. எத்தியோப்பியாவில் பொழுது விடிந்துதான் மணி எண்ணத் தொடங்குவார்கள். சாய்ந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. கிளாஸ்கோவுக்கு வந்து மூன்று வருடமாகியும், முள்ளை இந்த ஊர் விடியலுக்குத் திருப்பினாளே தவிர, அவள் அந்தக் கணக்கை மாற்றவில்லை. அவள் போய் நான்கு மாதம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பட்டம் வாங்கி, ஆறு மணி கூட்டக் கத்துக்கிட்டியாக்கும்" என்று அவனைக் கேலி செய்வாள்.

பத்து மணிக்கு வக்கீல் மெய்ரியின் எதிரே உட்கார்ந்திருந்தான். தள்ளுபடியான அவர்களுடைய அடைக்கல மனு எடின்பரோ நீதிமன்றத்துக்கு மறுஆய்வுக்குப் போகிறது.

"நீங்க சொன்னது நிஜமான்னு அந்த நீதிபதி பாக்கமாட்டார், பிராணு. உங்கள நம்பாததுக்குச் சொன்ன காரணம் சரியான்னுதான் பாப்பார். சிப்பாய்ங்க ஹாவியோட தம்பியப் பிடிச்சிட்டுப் போனது ராத்திரி எட்டுன்னு நீங்க சொன்னீங்க. ஹாவி ரெண்டுன்னாங்க. அதான் காரணம்."

"ரெண்டும் ஒண்ணுதான். இருட்டி ரெண்டாவது மணி. நான் இந்த ஊர்க் கணக்குல சொன்னேன், அவ எங்க கணக்குல சொன்னா. மொழிபெயர்த்த ஆள் அப்படியே ரெண்டுன்னுட்டார்."

"அட கடவுளே! விசாரணையில ஏன் இதச் சொல்லல?"

"கேட்டாங்க. சொன்னா, பேசிவச்சுச் சமாளிக்கிறோம்னு நெனப்பாங்களோன்னு பயம். அவ பயத்துல உளறிட்டான்னு சொன்னேன்."

அன்று விசாரணையில் ஹாவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு இங்கிலீஷ் அவளுக்குப் புரியும். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு தீர்ப்பு வந்தது: 'மனைவியின் சொல் நம்பத்தக்கதல்ல.' அந்த வரியோடுதான் அவள் செத்தாள்.

மெய்ரி பேனாவை உருட்டினாள். "இத எழுதினா அவங்க சொன்னது நிஜம்னு ஆகும். விசாரணையில பொய் சொன்னது நீங்கன்னும் ஆகும். அத வச்சே உங்களத் திருப்பி அனுப்பலாம்."

"எழுதுங்க."

எழுதினாள். வாசித்துக் காட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

"அப்புறம் ஹாவி இதப்பத்தி ஏதாவது பேசினாங்களா? கடைசி நாள்ல?"

'கேஸ விட்டுராதேன்னா' என்றுதான் ஊர்க்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணைத் திறக்காமல் கேட்டாள்:

"மணி என்ன? உன் மணி வேணாம். நம்ம மணி சொல்லு."