நாளொன்றுக்கு மூன்று வாளி

குழாய்க்காரரின் ஒன்பது வயது மகள் வாசித்த கிளாரினெட்டிலிருந்து நாளொன்றுக்கு மூன்று வாளி தண்ணீர் வடிந்தது. எச்சில் இல்லை, குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர். ஸ்வரம் பிசகினால் கூடுதலாக வடியும் என்பதால் முதல் மாதம் ஐந்து வாளிகூடப் போனது. கீழ் வீட்டுப் பெரியவர் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். சண்டைக்கு வரவில்லை, நலம் விசாரிப்பவர் போல மாடியேறி வந்து, "ஊருக்கெல்லாம் ஒழுக்கு அடைக்கிறீங்க, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குழாய்க்காரருக்கு மானமே போயிற்று. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் கை வைத்த குழாய் மறுபடி சொட்டியதாகச் சரித்திரம் இல்லை.

கிளாரினெட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இசை டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். வாசித்து முடித்ததும் உள்ளே துணியை விட்டு இழுத்து ஈரம் துடைக்க வேண்டும், வாய் வைத்து ஊதும் முனையிலுள்ள ரீடைக் கழற்றிக் காயவைக்க வேண்டும், இணைப்புத் தக்கைகளில் மசகு தடவ வேண்டும். துடைப்பது தெரியாதவன் வேலை, தெரிந்தவன் அடைப்பான் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்ட குழாய்க்காரர், மகள் பள்ளிக்குப் போன சமயம் பார்த்து ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டேப்பை இருபது சுற்று சுற்றி, போதாக்குறைக்கு உள்ளே ஒரு ரப்பர் வாஷரையும் வைத்து இறுக்கினார்.

சாயங்காலம் மகள் ஊதினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சத்தமும் வரவில்லை. கன்னம் இரண்டும் உப்பிக் கண் கலங்கியதுதான் மிச்சம். மறுநாள் பள்ளி விழாவில் அவள் தனியாக வாசிக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டைக் கடைசிவரை வாசித்துவிட நான்கு மாதமாகக் விடாப்பிடியாக உழைத்தவள்.

"வேணாம்ப்பா. பேர் குடுத்ததை அடிச்சிடச் சொல்றேன்" என்றாள்.

அவள் கத்தி அழுதிருந்தால்கூடக் குழாய்க்காரர் தாங்கியிருப்பார். டேப்பைப் பிரித்து வாஷரைப் பிடுங்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு டீச்சரின் தாளை மடியில் விரித்து வரிவரியாகப் படித்து, தக்கைக்கு மசகு தடவினார். ரீடை அவள் நாக்கில் நனைத்துப் பொருத்தினாள். ஊதியதும் சத்தமும் தண்ணீரும் சேர்ந்தே வந்தன. மனைவி வாளியை நகர்த்தி வைத்தார்.

விழா மேடையில் மகளின் காலடியில் வாளியும் கையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். ஸ்வரம் இரண்டு இடத்தில் பிசகியதில் வாளி நிரம்பி, தண்ணீர் முதல் வரிசைவரை ஓடியது. தலைமையாசிரியை காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேட்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மகள் கடைசி ஸ்வரம்வரை விடவில்லை.

அதன்பின் கீழ் வீட்டில், மகள் வாசிக்கும் ஐந்து மணிக்கு, ஒழுகும் தண்ணீரில் துணி ஊறவைக்கும் வழக்கம் வந்தது. வாசித்து முடித்த கிளாரினெட்டுக்குள் துணி விட்டு இழுப்பது அப்பாவின் வேலையானது. வேலைக்குப் போகும் இடங்களில் யாராவது, உங்கள் வீட்டிலேயே ஒழுகுகிறதாமே என்று சீண்டினால், அவர் ஸ்பேனரைக் கீழே வைப்பார்.

"ஆமா, ஒழுகுது. அஞ்சு மணிக்கு வாங்க, கேக்கலாம்."