பெரிய புனலும் சின்னப் புனல்களும்

1

இந்தக் கதை என் மூக்கில் தொடங்கியது. ஜவ்வாது மலைக்குச் சாமை அரிசி வாங்கப் போனவன், வடிவு நடத்தும் அரவை மில்லுக்குள் தலையை நீட்டினேன். அப்புறம் போளூர் வரை தும்மிக்கொண்டே இறங்கினேன். அவ்வளவு உமித்தூசி. மூலையில் ஒரு வேக்குவம் கிளீனர் சும்மா கிடந்தது.

“பை அடைச்சிக்குது சார். தட்டறதுக்கே பாதி நாளு பூடுது” என்று இருமினார் வடிவு.

ஆக, பை இல்லாத இயந்திரம் வேண்டும். அது கதையாக வேண்டுமானால், அதற்காக இரண்டு பேர் அடித்துக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘மேகங்கள் மலையை முத்தமிட்ட வேளையில்...’ சீச்சீ.

இரண்டாவது: போளூர் ‘வெற்றி எலக்ட்ரிகல்ஸ்’ கடையின் நடுவே ஒரு சாக்பீஸ் கோடு. அந்தப் பக்கம் வெற்றிச்செல்வன், இந்தப் பக்கம் அவன் மனைவி சிவசங்கரி. காற்றைப் புனலுக்குள் சுழலவிட்டால் தூசி தனியே கீழே விழும், பை வேண்டாம். இதில் இருவருக்கும் சண்டையில்லை. பெரிய மோட்டார், ஒரே பெரிய புனல் என்கிறான் அவன். வட்டமாகச் சின்னப் புனல்களை வைத்தால்தான் மெல்லிய தூசி அடங்கும் என்கிறாள் அவள்.

“இன்னாடி இது, டீக்கடை வடிகட்டியா?”

“ஒன்னுது மட்டும் இன்னா? கல்யாண வூட்டு அண்டா!”

(ஒரு சந்தேகம்: இவனை முட்டாளாக்குகிறேனோ? இல்லை, கெட்டிக்காரன்தான். போன தடவை அவள் யோசித்துச் செய்த கடலை உரிக்கும் மெஷினில் தன் பெயரைப் பெயிண்ட் அடித்துக்கொண்டான். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.)

அதனால் சிவசங்கரி பந்தயம் கட்டினாள். யாருடைய மெஷினை வடிவு மில்லில் மாட்டுகிறாரோ, கடைப் பலகையில் அவர் பெயர்.

3

மலையில் புது வண்டி வந்தால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஓட்டமாட்டார்கள். வேக்குவம் கிளீனருக்கு எங்கே வைப்பது? மில்லுக்கு வந்து இறங்கிய இரண்டு மெஷின்களுக்கும் வடிவு சூடம் காட்டிவிட்டு, யோசித்து, உறிஞ்சும் குழாயின் வாய்க்கு நேராகவே வைத்துவிட்டார்.

முதலில் சிவசங்கரியின் மெஷின். பழம் லேசாக ஆடியது. உமி மட்டும் உள்ளே போனது. அடுத்தது வெற்றிச்செல்வனுடையது. டபக்! பழத்தையே இழுத்துக்கொண்டது. குழாய் அடைத்து, மோட்டார் ஊளையிட்டு நின்றது.

“சாமியே சொல்லிட்ச்சிக்கா. ஒன்னுத மாட்டிடு” என்றார் வடிவு.

4

முடிவு ஒன்று: பலகை மாறியது, சுபம். எழுதி முடிப்பதற்குள் சிவசங்கரி என் பக்கம் திரும்பினாள்.

“இன்னா சார், நீ எழுதற கதையிலயும் என்னை எலுமிச்சம்பழந்தான் ஜெயிக்க வைக்கணுமா?”

முடிவு இரண்டு: கணவன் பெருந்தன்மையோடு தன் பெயருக்குக் கீழே அவள் பெயரையும்... ஐயோ, இதை அவளிடம் காட்டினால் நான் தொலைந்தேன்.

அவளே ஸ்குரூடிரைவரை விட்டுக் கணவனுடைய குழாயிலிருந்து பழத்தை நெம்பி எடுத்தாள். முந்தானையில் துடைத்து வடிவிடம் நீட்டினாள்.

“ஜூஸ் போட்டுக்க. யோவ், மறுபடி ஓட்டலாம். பழம் இல்லாம.”

வெற்றிச்செல்வனுக்கு முகத்தில் உயிர் வந்தது. அவன் மோட்டார் நிஜமாகவே பலமானது, அவள் தோற்கலாம். நான் போய் சுவிட்சில் கை வைத்தேன்.

“நீ வாணாம் சார். நீ என் கட்சி. அவரும் வாணாம். படிக்கறவங்க போடட்டும்.”

சுவிட்ச் கதவோரம் இருக்கிறது. பலகை எழுதுகிறவர் பெயிண்ட் டப்பாவோடு வெளியே காத்திருக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு போடுங்கள்.