சூரியன் யாருடைய பக்கம்

எந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய, அரசின் அறிவியல் குழு 1990 வசந்தத்தில் லண்டனில் கூடியது. சூரியப் புயல்களை ஆராயும் விண்வெளி வானிலை ஆய்வு பட்டியலின் அடியில் கிடந்தது. அதை நிறுத்தினால் இளம் ஆய்வாளர் சுகிர்தாவின் வேலையும் போய்விடும். அவளுடைய பேராசிரியர் பேசி முடித்ததும் குழுத் தலைவி கேட்டார்: “சூரியனில் புயல் அடித்தால் சாதாரண மக்களுக்கு என்ன?”

பேராசிரியர் மறுபடியும் வரைபடத்தைத் தேடினார். அதற்குள் சுகிர்தா வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள்.

போன வருடம் மார்ச்சில், லண்டன் நோர்பரியில் உள்ள அக்கா வீட்டில், சிற்றலை வானொலியில் யாழ்ப்பாணச் செய்தி கேட்கவில்லை, வெறும் இரைச்சல். அக்காவின் கணவர் பெட்டியைத் தட்டினார்.

“கொழும்பு அரசாங்கம்தான் குழப்புது. எங்களுக்குச் செய்தி வரக் கூடாதாம்!”

“இல்லை அத்தான், இது சூரியன்ர வேலை. அங்க புயலடிச்சால் வானொலி அலை இங்க வந்து சேராது.”

“ஓ! சூரியனும் இப்ப அரசாங்கத்தின்ர பக்கமோ?”

அவள் இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது குழுவே சிரித்தது. தலைவியும் சிரித்துவிட்டு, “புயல் வருகிறதென்று அவருக்கு முன்கூட்டியே சொல்ல முடியுமா?” என்றார்.

“இன்று முடியாது. அதற்குத்தான் பணம் கேட்கிறோம்.”

மாலையில் முடிவு வந்தது. ஆய்வு இன்னும் மூன்று ஆண்டுகள் நடக்கலாம். ஆனால் அடுத்த முறை பேராசிரியர் அல்ல, சுகிர்தாவே வந்து பேச வேண்டும்.

“வருகிறேன்” என்றாள்.