தொலைவில் சிறுக்காத மனிதர்

யாழ்ப்பாணத்து அரியாலையில் குடியிருந்த கெஹர் சிங் எவ்வளவு தூரம் போனாலும் பார்ப்பவர் கண்ணுக்குச் சிறுக்கவில்லை. 1956ஆம் ஆண்டு ஆவணியில், அவர் ஊருக்கு வந்த மூன்றாம் கிழமை, முழங்காலளவு தண்ணீர் நின்ற பரவைக்கடலில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் இதை முதலில் கவனித்தார்கள். அவர்கள் கரையை விட்டு ஒன்றரை மைல் உள்ளே போயிருந்தார்கள். தென்னைமரங்கள் ஈர்க்குக் குச்சி அளவிலும் பாசையூர்க் கோயில் கோபுரம் விரல் நகம் அளவிலும் தெரிந்தன. கரையில் நின்ற கெஹர் சிங் மட்டும் பக்கத்து வள்ளத்தில் நிற்பவரைப் போல முழு ஆளாகத் தெரிந்தார். நீலத் தலைப்பாகையின் மடிப்புகளை எண்ணலாம். தாடியில் ஒட்டியிருந்த கிறீசைக் காணலாம். வீடோ வேலியோ குறுக்கிட்டால் மற்றவர்களைப் போல அவரும் மறைந்தார். தூரம் மட்டும் அவரை ஒன்றும் செய்யவில்லை. நில அளவையாளர் கனகசபாபதி கருவியோடு வந்து, அவருடைய வீட்டு வாசல் படலையடியில் ஒருமுறை, அரை மைலில் ஒருமுறை, இரண்டு மைலில் ஒருமுறை பார்த்து, மூன்று தரமும் ஒரே அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தார்.

கெஹர் சிங் மலாயாவில் ஈப்போ ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த சீக்கியர். அங்கே கணக்கெழுதும் இலிகிதராக இருந்த அரியாலைக்காரர் ஒருவரின் மகள் மகாதேவியை விரும்பிக் கலியாணம் செய்தார். தகப்பன் இறந்து, தாய்வழி வீடு மகாதேவிக்கு என்று ஆனபோது இருவரும் கப்பலேறி வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் பேசிய தமிழ் மாமனாரிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழ்தான். வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டத் தொடங்கியிருந்த காலம் அது. கடற்கரையில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் ஊர் அவருக்குப் பயந்தது. வெட்டாத தலைமயிர், அதற்குள் செருகிய மரச்சீப்பு, வலது கையில் இரும்பு வளையம், கொடியில் காயும் முழங்கால்வரையிலான வெள்ளை உள்ளாடை, தோளிலிருந்து தொங்கும் உறையில் ஒரு சாண் கத்தி ஆகிய ஐந்தையும் பற்றி ஐம்பது கதைகள் உலாவின. கத்தியை உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காட்டாமல் திருப்பி வைக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று.

கடைசியில் நேராகக் கேட்டவன் குருநகர் நீக்கிலாப்பிள்ளை. அவனுடைய வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றி மணலில் பரப்பியிருந்த நேரம்.

"சிங் ஐயா, கோவியாதையுங்கோ. உந்தக் கத்தி ஆரை வெட்ட?"

"ஒருத்தரையும் வெட்ட இல்லை" என்றார் கெஹர் சிங். "இதின்ரை பேர் கிர்பான். கிருபை எண்ட சொல்லு அதுக்குள்ள கிடக்கு. அடிவாங்கிறவனுக்கு முன்னால போய் நிக்கவேணும் எண்டு எனக்கு ஞாபகப்படுத்த."

"அப்ப வளையம்?"

"கை எதுக்கு நீண்டாலும் முதல் இதுதான் கண்ணில படும். படக்குள்ள யோசிப்பன். மயிர், தந்தவன் தந்தபடி. சீப்பு, தந்ததைச் சிக்கில்லாமல் வைச்சிருக்க. மற்றது, உடம்பு கட்டுக்குள்ள இருக்கவும், கூப்பிட்ட உடனை எழும்பி ஓடவும்."

நீக்கிலாப்பிள்ளை தன் கழுத்தைத் தடவினான். "என்ரை கழுத்திலையும் அந்தோனியார் தொங்கிறார். ஆனால் போட்டிருக்கிற சேட்டுக்கு உள்ளுக்கை."

"எனக்கு வெளியில" என்று சொல்லிவிட்டு கெஹர் சிங் திருகாணியைத் தேடினார்.

தேத்தண்ணி கொண்டுவந்த மகாதேவி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று தொடங்கிய பயம் அவளை விட்டுப் போகவில்லை. மற்றவர்கள் அவருக்குப் பயந்தார்கள். அவள் அவருக்காகப் பயந்தாள். காணாமல் போகத் தெரியாத ஒரு மனிதரோடு நாடு போகிற போக்கில் எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்து நினைத்து, சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். வேலியை இரண்டு முழம் உயர்த்தித் தென்னோலைக் கிடுகு கட்டுவித்தாள். அவர் நாவற்குழிக்குப் போனாலும் புங்கங்குளத்துக்குப் போனாலும் அவள் வாசலுக்கு வந்தால் முழுசாகத் தெரிந்தார். அப்படித் தெரிவது ஆறுதல்தான் என்று அயலவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிகிறது என்றால் எல்லாருக்கும் தெரிகிறதுதானே என்று அவள் சொன்னாள்.

1958ஆம் ஆண்டு வைகாசியில் தெற்கே தமிழரை அடித்தார்கள். கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த மகாதேவியின் தம்பி தேவராசா, நெற்றியில் இருந்த திருநீற்றை எச்சில் தொட்டு அழித்து, வேறொரு பெயரைச் சொல்லி உயிர் தப்பி, அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினான். அவனோடு ஒரே அறையில் இருந்தவன் வரவில்லை. தேவராசா இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெளியே போனான். அன்று பின்னேரம் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து, சந்தியில் இருபது வருடமாகப் பாண் சுட்டு விற்ற சிங்களவர் ஜினதாசவைத் தேடிப் போனார்கள். பேக்கரி வெறுமையாக இருந்தது. அடுப்பில் பாண் கருகிக்கொண்டிருந்தது. ஜினதாசவும் மனைவி சோமாவதியும் கெஹர் சிங்கின் வீட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். மகாதேவிதான் அவர்களைப் பின்பக்கத்தால் உள்ளே விட்டவள். விட்ட பிறகு கொண்டியைப் போட்டு, உரலை உருட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.

கூட்டம் படலைக்கு வந்தது. முன்னால் தேவராசா, கையில் மண்ணெண்ணெய் டின்.

"அத்தான், விலகுங்கோ."

"இல்லைத் தம்பி."

"உங்களுக்கு என்ன தெரியும்? அங்கை என்ன நடந்தது எண்டு நீங்கள் பாத்தனீங்களே?"

"நீ பாத்தனி. அதுதான் உன்னை நம்பி இதில நிக்கிறன்."

கெஹர் சிங்கின் கை கத்தியின் பிடியில் இருந்தது. அவர் அதை உருவவில்லை. உருவியிருந்தால் பாய்ந்திருப்போம் என்று பிறகு பலர் சொன்னார்கள். கூட்டம் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டு வரத் திரும்பியது. அப்போதுதான் அந்தத் தொல்லை தொடங்கியது. மாம்பழம் சந்திக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். நேர்த்தெருவின் மறுமுனையில் படலையடியில் நின்றவர், ஒரு முழம்கூடக் குறையாமல், இமை கொட்டுவது தெரிய, ஒவ்வொருவருக்கும் எதிரே நின்றார். கூட்டமாக இருக்கும்போது முகம் இல்லாமல் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக முகம் திரும்பி வந்தது. கையில் இருந்த கல்லைச் சிலர் கீழே போட்டார்கள்; மற்றவர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கோயில் வீதியில் ஒருவன் சுவரைப் பார்த்து நின்று வாந்தி எடுத்தான். மூன்று நாள் அந்தப் பக்கத்து வீடுகளில் தெருவைப் பார்த்த யன்னல்கள் திறக்கப்படவில்லை.

அடுத்த நாள் காலை நீக்கிலாப்பிள்ளை ஜினதாசவையும் சோமாவதியையும் வள்ளத்தில் ஏற்றி, கரையோரமாகப் பாதுகாப்பான யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கொண்டுபோய் விட்டான். குருநகரைத் தாண்டும்வரை சோமாவதி கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும், கரையில் நின்றவர் சிறுக்காததால் தாங்கள் இன்னும் புறப்படவில்லை என்று நினைத்து இரண்டு தரம் விசாரித்தாள் என்றும் அவன் சொன்னான்.

தேவராசா ஐந்து மாதம் அக்காவின் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஒருநாள் வந்தான். கதிரையில் இருக்காமல் நின்றபடி கேட்டான்.

"அத்தான், ஏன் உப்பிடி எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒரு வேசம்?"

கெஹர் சிங் துவாயை எடுத்துக் கொடுத்தார். "எங்கடை ஒன்பதாவது குருவை டெல்லியில நடுத்தெருவில வைச்சுத் தலை வெட்டினவங்கள். மற்ற மதக்காரரும் தங்கடை மதத்தில இருக்கவேணும் எண்டு நிண்டதுக்காக. அவரை நம்பின சனமும் அந்தக் கூட்டத்துக்குள்ள நிண்டதாம். பயத்தில கன பேர் தாங்கள் ஆரெண்டு காட்டேல்லை. பாத்தால் தெரியாதுதானே. அவரின்ரை மகன்தான் பத்தாவது குரு. இனி ஆயிரம் பேருக்குள்ள நிண்டாலும் ஒளிக்க ஏலாத ஒரு உருவம் தாறன் எண்டு அவர் தந்தது இது. எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறது."

தேவராசா தலையைத் துடைக்காமல் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் திருநீறை அழிச்சுத்தான் தப்பினனான்."

"நல்ல வேலை செய்தாய். இல்லாட்டி உன்ரை அக்கா செத்திருப்பாள். இரு, சாப்பிடு."

அவன் இருந்து சாப்பிட்டான். பிறகு ஆசிரியராகி, 1971இல் படிப்பிக்கச் சாம்பியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

வருடங்கள் போயின. 1964 மார்கழிப் புயலில் கெஹர் சிங் ஒரு பகல் முழுக்கக் கரையில் மழைக்குள் நின்றார். தூரத்தைப் போல மழையும் அவரை மறைக்கவில்லை; வேறொன்றும் தெரியாத அந்த வெள்ளை இருட்டில் அவரைப் பார்த்தே ஒன்பது வள்ளங்கள் கரைக்கு வந்தன. அதன் பிறகு அரியாலையில் யாரும் அவருக்குப் பயப்படவில்லை. தாடி நரைத்தது. மகாதேவியின் பயம் மட்டும் வயதோடு வளர்ந்தது. 1977இலும் தெற்கிலிருந்து அகதிக் கப்பல்கள் வந்தன. அவள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள், வேலியை இன்னொரு முழம் உயர்த்தினாள், நாயைக்கூடக் குரைக்க வேண்டாம் என்று அதட்டி வளர்த்தாள்.

1981ஆம் ஆண்டு ஆனி முதல் வாரத்தில் பட்டணம் எரிந்தது. காலையில் எழுந்தபோது முற்றத்தில், எரிந்த நூலகத்தின் கருகிய கடதாசித் துண்டுகள் விழுந்து கிடந்தன, தொட்டால் தூளாகின. துவக்கோடு ஜீப்புகளில் திரிந்த பொலிஸ்காரர் கண்ணில் பட்டவர்களைச் சுடுகிறார்கள் என்று தெருவால் ஓடியவர்கள் சொன்னார்கள். மகாதேவி கிணற்றடிக்குப் போய் நெற்றிப் பொட்டைக் கழுவினாள். பிறகு தையல்பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ. இருபத்தஞ்சு வருசமா நான் ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன். தலையையும் தாடியையும் எடுப்பம். ஆளோட ஆளா இருந்திடுவம்."

கெஹர் சிங் தலைப்பாகையை அவிழ்த்து, முதுகு வழியே நரைத்த மயிர் விழ, அவளுக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் இருந்தார். சீப்பை அவள் கையில் கொடுத்தார்.

"வெட்டு எண்டு நான் சொல்லமாட்டன். உன்ரை கையைப் பிடிக்கவும் மாட்டன். முதல் சிக்கெடு."

அவள் சிக்கெடுத்தாள். ஈப்போவில் கறுப்பாக இருந்து பார்த்த மயிர். கத்தரிக்கோலை இரண்டு தரம் விரித்தாள். விரல்கள் மடங்கவில்லை. அந்த நேரம் செம்மணி வெளிப் பக்கமிருந்து அழுகுரல் கேட்டது. பட்டணத்திலிருந்து தப்பிய சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, புகைக்குள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், அந்த உப்புச் சேற்று வெளியில் சுற்றிக்கொண்டிருந்தது.

கெஹர் சிங் எழுந்து மயிரை முடிந்தார். ஐந்து யார் நீளமான தலைப்பாகைத் துணியின் ஒரு முனையை, நாள்தோறும் செய்வது போல, அவள் கையில் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே அதை இழுத்துப் பிடித்தாள். அவர் மறுமுனையிலிருந்து தலையில் சுற்றிக்கொண்டு அவளருகே வந்தார்.

"உங்களை அவங்களும் காணுவாங்கள்."

"ஓம். காணுவாங்கள்" என்று சொல்லி அவர் நடந்தார்.

வெளியின் இந்த ஓரத்தில் போய் நின்றார். சனம் அவரைக் கண்டு அவர் இருந்த திக்குக்கு ஓடிவரத் தொடங்கியது. நல்லூர் வீதியால் வந்த ஜீப்பும் அவரைக் கண்டது. அதில் இருந்தவர்களுக்கு அவர் முப்பது அடி தூரத்தில் நிற்பதாகத் தெரிந்தது. நின்றதோ ஒன்றேகால் மைலில். இறங்கிச் சுட்டார்கள். குண்டுகள் இடையில் சேற்றில் புதைந்தன. முன்னுக்கு வந்து மறுபடி சுட்டார்கள். அவர் பெருக்கவுமில்லை, சிறுக்கவுமில்லை, விழவுமில்லை. தலைப்பாகையில் குத்திய ஊசிகூடத் தெரிந்தது. ஒருவன் துவக்கை இறக்கிவிட்டு, இது ஆளில்லை என்று கத்தினான்.

படலையடியில் நின்று மகாதேவி ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடித் திறந்தாள். நான்காவது வெடிக்குப் பிறகு உள்ளே போனாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று, வைத்த பொட்டு போதாதென்று இரண்டு தரம் அழித்து எழுதி, மூன்றாம் தரம் ஐம்பது சத நாணயக் குற்றி அளவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள். தெருவுக்கு இறங்கினாள். நடந்து போய் அவருடைய இடப்பக்கத்தில், சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். கெஹர் சிங் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். ஜீப் பின்பக்கமாகவே நகர்ந்து, வந்த வழியில் போனது.

அன்று மத்தியானம்வரை இருநூற்றுச் சொச்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். மகாதேவி நான்கு கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினாள். புகைக்குள் வழி எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்களுக்கு, வெளியின் கரையில் ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும் பக்கத்தில் நிற்பது போல நின்றார்கள், அவர்களைப் பார்த்து வந்தோம் என்று எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

மகாதேவியின் பயம் அதற்குப் பிறகும் போகவில்லை. கதவுக்கு இரண்டு கொண்டி போட்டாள். ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்தாள். ஆனால் வேலியை மேற்கொண்டு உயர்த்தவில்லை. அடுத்த கிழமை பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் புறப்பட்டாள். நாலு மைலுக்கு அப்பால் கோப்பாயில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கமலாவதி நிமிர்ந்து பார்த்து, "மகாதேவி அக்கா சந்தைக்குப் போறா. பொட்டு நல்லாயிருக்கு" என்று பக்கத்துத் தோட்டக்காரிக்குச் சொல்லிவிட்டு, வாய்க்காலை மிளகாய்ப் பாத்திக்குத் திருப்பினாள்.