கேரல் வராத வீடு

சபையின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்றே கிருபாவதி கேட்டு வாங்கிக்கொண்ட வேலை கேரல் ரவுண்ட்ஸ்தான். மற்றவர்கள் தள்ளிவிடப் பார்க்கும் வேலை அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம், ஆம்பூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் நூற்றுச்சொச்சம் வீடுகளுக்குப் பாடகர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்று பட்டியல் போட வேண்டும்.

"ஷூ கம்பெனியில க்வாலிட்டி இன்சார்ஜ் வேலையே தலைக்கு மேல இருக்கும். இதையும் ஏம்மா இழுத்துப் போட்டுக்கறீங்க?" என்று போதகர் கேட்டார்.

"சின்ன வயசுல இருந்து கேரல்னா எனக்கு உசுரு ஐயா" என்றாள்.

அது பொய் இல்லை. டிசம்பர் பிறந்தால் அவள் அப்பா சாமுவேல் மூங்கிலைப் பிளந்து நட்சத்திரம் கட்டுவார். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை அவருக்கு. பகலெல்லாம் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டி வெந்துபோன விரல்களால் கலர் பேப்பரை அவ்வளவு பதமாக ஒட்டுவார். அம்மா அமிர்தவள்ளி கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசைவாள். பக்கத்து வீட்டு நசீமுன்னிசா தன் பெரிய தேக்சா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, முள்கரண்டியில் மாவை உருட்டிப் போட்டுக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் பேசுவாள். கேரல் வருகிற நாளில் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டதும் கிருபாவதி வாசலுக்கு ஓடுவாள். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே வந்து அவளுக்குக் கை கொடுப்பார். முப்பது பேர் அந்தச் சின்ன வாசலில் நெருக்கியடித்து நின்று பாடுவார்கள். பாடி முடித்ததும் அப்பா கூச்சத்தோடு, "இன்னும் ஒண்ணு பாடுங்களேன்" என்பார். பாடுவார்கள்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது அது நின்றது. நின்றதற்குக் காரணமும் அவள்தான்.

அந்தக் காலத்தில் கோயிலில் முன்னால் இருந்த நான்கு பெஞ்சுகளும் மேனேஜர்கள், ஆபீசர்கள் குடும்பத்துக்கு. தொட்டி வேலைக்காரர்கள் பின்னால் பாயில் உட்காருவார்கள். எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் ஆராதனையில் புது கவுன் போட்டிருந்த கிருபாவதி, "அப்பா, குடில் தெரியல" என்று நச்சரித்தாள். சாமுவேல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த பெஞ்சின் மறு ஓரத்தில் தேவநேசன் இருந்தார். சாமுவேல் வேலை செய்த ஷாப்புக்கு மேனேஜர், சபைக்குச் செயலாளர். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேலையிலும் கை வைக்கவில்லை. அடுத்த டிசம்பரில் கேரல் பட்டியலில் சாமுவேல் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்.

முதல் வருஷம் அவர்களுக்குப் புரியவில்லை. அப்பா சலவைச் சட்டையோடு வாசலில் நின்றார். அம்மா கல்கல் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். டிரம் சத்தம் நெருங்கி வந்து, வாசலைத் தாண்டி, அந்தக் கோடிக்குப் போய்விட்டது. முன்னால் கையில் பட்டியலோடு போன தேவநேசன் திரும்பவே இல்லை.

"மறந்துட்டு இருப்பாங்க" என்றார் அப்பா.

மறுநாள் கல்கல் அத்தனையும் நசீமுன்னிசா வீட்டுக்குப் போனது. "இன்னா அமிர்தம் பேஜாரு? உங்காளுங்க உன் வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போறாங்க" என்று அவள் கேட்டாள்.

மூன்றாவது வருஷம் கிருபாவதி பொறுக்க முடியாமல் அவர்கள் பின்னால் ஓடிப்போய் தேவநேசனின் சட்டையைப் பிடித்து, "எங்க வூட்டுக்கு வரலையே" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "உங்க வூடு லிஸ்ட்ல இல்லம்மா" என்றார், மிகவும் அன்பாக.

பதினேழு வருஷம் இப்படிப் போனது. அப்பா பதின்மூன்றாவது கிறிஸ்துமஸ் வரை பார்த்துவிட்டு இறந்துபோனார். அம்மா மட்டும் வருஷம் தவறாமல் கல்கல் செய்தாள். ஏன் என்று கேட்டால், "தப்பித் தவறி வந்துட்டாங்கன்னா? வெறுங்கையோடவா நிப்பேன்?" என்பாள். தேவநேசன் செயலாளர் பதவியிலிருந்து இறங்கிய வருஷம் புதியவர்கள் அந்த வீட்டுக்கும் வந்து பாடினார்கள். அன்றைக்கு அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பொறுப்பை வாங்கிய முதல் டிசம்பரில் கிருபாவதி பட்டியலைத் தன் கையாலேயே எழுதினாள். தேவநேசன் இருக்கும் தெருவில் ஆறு கிறிஸ்தவ வீடுகள். ஐந்தை எழுதினாள். பேனாவை மூடி வைத்தபோது முதுகில் ஏதோ ஒரு பிடிப்பு விட்டதுபோல இருந்தது.

அந்தத் தெருவில் கேரல் முடிந்து இரண்டு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். "கிருபா, பசங்க எங்க வூட்டுக்கு வரலையேம்மா. நானும் உங்க ஆன்ட்டியும் எட்டு மணி வரைக்கும் லைட் போட்டுனு ஒக்காந்திருந்தோம்."

"உங்க வூடு லிஸ்ட்ல இல்லீங்க ஐயா."

அவர் போனை வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. புரியாமல் போயிருந்தால்தான் அவள் ஏமாந்திருப்பாள்.

அடுத்த வருஷம் இன்னும் நிதானமாகச் செய்தாள். அவர் வீட்டுக்கு எதிர் வீட்டில் வழக்கமாக இரண்டு பாட்டு. அன்றைக்கு நான்கு பாடச் சொன்னாள். கிடார் வாசிக்கும் நிஷா, "இன்னா ஆன்ட்டி, இவங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா?" என்று கேட்டாள். கிருபாவதி சிரித்தாள். எதிரே வராந்தாவில் தேவநேசன் நாற்காலியில் இருந்தார். எண்பதைத் தாண்டிய கிழவர், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் மஃப்ளர். நான்காவது பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றார். பாடகர்கள் திரும்பி நடந்தார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

மூன்றாம் வருஷம் டிசம்பர் தொடக்கத்தில், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, கோல் ஊன்றிக்கொண்டு சபை அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"உங்க அப்பனுக்காகத்தானே?"

"எங்க அம்மாவுக்காகவும்."

"தப்புதாம்மா. அன்னிக்கு எனக்குத் திமிரு. சாமுவேல் நல்ல மனுசன்."

இந்த வார்த்தைகளை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது கேட்டபோது அவை எங்கும் போய் இறங்கவில்லை. "இத அவருகிட்ட சொல்லி இருக்கணும். பதிமூணு வருஷம் டயம் இருந்துச்சே" என்றாள்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல. இந்த வருஷமாவது…"

"எங்க அம்மா பதினேழு வருஷம் வாசல்ல நின்னாங்க. உங்களுக்கு ரெண்டுதான் ஆயிருக்குது. இன்னும் பதினஞ்சு பாக்கி."

கிழவர் அவளையே பார்த்தார். "அத்தினி வருஷம் நான் இருக்க மாட்டேன்."

"அது என் கையில இல்லீங்க ஐயா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை சொன்னதில்லை, அம்மா திட்டுவாள், ஜெபம் பண்ணு என்பாள் என்று ஒரு பயம். அமிர்தவள்ளி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டாள். கடைசியில், "எந்த நாளு அந்தத் தெரு?" என்றாள்.

"இருவத்திரெண்டு."

"என்னையும் இட்டுனு போ. நான் பாக்கணும்."

இருபத்திரண்டாம் தேதி அமிர்தவள்ளி அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டாள். முட்டி வலியால் நடக்க முடியாது என்பதால் சத்தாரின் ஆட்டோவை வைத்துக்கொண்டார்கள். பாடகர்களுக்குப் பின்னால் ஆட்டோ ஊர்ந்துபோனது. ஒவ்வொரு வீட்டுக்கும் அம்மா கைதட்டிக்கொண்டே கூடப் பாடினாள். அம்மாவுக்கு இத்தனை பாட்டு மனப்பாடம் என்பதே கிருபாவதிக்கு அன்றுதான் தெரியும்.

தேவநேசன் வீட்டுக்கு முன்னால் வந்ததும், "நிறுத்துப்பா சத்தார்" என்றாள்.

வராந்தா காலியாக இருந்தது. கேட்டருகில் அவர் மனைவி சுகிர்தம் மட்டும் நின்றிருந்தாள். கையில் ஒரு தட்டு, அதன்மேல் துணி. ஆட்டோவுக்குள் இருப்பது யாரென்று தெரிந்ததும் அருகில் வந்தாள்.

"அமிர்தம், அவரு படுத்த படுக்கையா இருக்காரு. ஜன்னல தொறந்து வெச்சிருக்கேன். ஒரே ஒரு பாட்டு பாடச் சொல்லு."

அமிர்தவள்ளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போல்லாம் நீயும் கேரல்ல பாடினு வருவியே சுகிர்தம். எங்க வூட்டத் தாண்டிப் போவசொல்லோ, ஒரு நாளாவது திரும்பிப் பாத்தியா?"

சுகிர்தம் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாத்தேன்" என்றாள். "நீ தட்டோட நிப்ப. வருசா வருசம் பாத்தேன்."

"சரி. இப்ப நான் பாத்துட்டேன்" என்றாள் அமிர்தவள்ளி. "போப்பா சத்தார்."

நிஷாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஒரு பாட்டுதானே ஆன்ட்டி. வயசானவங்க" என்றாள்.

"அடுத்த தெருவுக்கு லேட்டாவுது. நட."

அந்தக் கிறிஸ்துமஸை கிருபாவதியால் மறக்க முடியாது. நசீமுன்னிசா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பல்லில்லாத வாயால் அம்மா இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டாள். சுகிர்தம் "பாத்தேன்" என்று சொன்னபோது அவள் முகம் போன போக்கை நசீமுன்னிசாவுக்கு நடித்துக் காட்டி, புரையேறும் வரை சிரித்தாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் தேவநேசன் இறந்தார். சபை வழக்கப்படி இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைச் செயலாளர்தான் வாசிக்க வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் நின்று கிருபாவதி வாசித்தாள். அவர் கட்டிக்கொடுத்த ஞாயிறு பள்ளிக் கட்டடம், நடத்திய கேரல் ரவுண்ட்ஸ், எதையும் விடவில்லை. குரல் தடுமாறவில்லை. அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வாசித்து முடிக்கும் வரை சுகிர்தம் பெட்டியைப் பார்க்கவில்லை. கிருபாவதியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த டிசம்பரில் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு பேனா நின்றது. அவர் போய்விட்டார். அந்தக் கிழவியோடு தனக்கு என்ன கணக்கு என்று யோசித்தாள். ஆறாவதாக சுகிர்தத்தின் பெயரை எழுதினாள். எழுதியதில் தனக்குத் தானே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தத் தெருவுக்குப் போனபோது மணி ஏழு. ஐந்து வீடு பாடிவிட்டு ஆறாவது வீட்டுக்கு வந்தார்கள். வராந்தா இருட்டாக இருந்தது. கேட்டில் பூட்டு.

"ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று நிஷா எதிர் வீட்டம்மாவிடம் கேட்டாள்.

"உள்ளதான் இருக்காங்க" என்றாள் அந்த அம்மா. "உங்க டிரம் சத்தம் கேட்டதும் வந்து கேட்டைப் பூட்டிட்டு, லைட்டெல்லாம் நிறுத்திட்டுப் போனாங்க."

முப்பது பேரும் கிருபாவதியைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சூடேறியது. "சுகிர்தம் ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். உள்ளே ஜன்னல் கதவு ஒன்று சாத்தப்பட்டு, தாழ் விழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"வெளிய நின்னே பாடிடலாமா?" என்றாள் நிஷா. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு கிருபாவதி நடந்தாள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவள் வாய் திறந்து பாடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சுகிர்தம் வூட்டுக்குப் போனீங்களா?"

"கேட்டைப் பூட்டிட்டா. உள்ள இருந்துனே தொறக்கல."

அம்மாவின் கை முட்டியின் மேலேயே நின்றுபோனது.

"அவளும் பதினேழு வருசம் இருக்க மாட்டா. நானும் இருக்க மாட்டேன்" என்றாள். "நீதான் இருப்ப, இந்தக் கணக்கோட."

கிருபாவதி கை கால் கழுவப் போனாள்.