தேவதைக்குக் குரல் கொடுத்தவர்

கிழவர் வெண்டெலீன் வீட்டுப் பொம்மலாட்டத்தில் கைகள் பல, வாய் ஒன்றுதான். நூலை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ராஜா முதல் சூனியக்காரி வரை எல்லாருக்கும் கிழவர்தான் பேசுவார். திரை விலகினால், மூடும்வரை அவர் தன் சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் அப்பன் போட்ட சட்டம். கூரை தீப்பிடித்தாலும் ராஜாவின் குரலில்தான் தண்ணீர் கேட்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்து வரும் மூன்று ராஜாக்கள் பெருநாளுக்கு மொராவியாவின் அந்தச் சின்ன ஊரில் அக்கம்பக்கமெல்லாம் இவர் வீட்டுக்குத்தான் வரும். வருஷா வருஷம் ஒரே கதை, தூங்கும் இளவரசி. இந்த வருஷமும் பழக்கதோஷத்தில் அதையே எடுத்தார்கள். மருமகள் க்வேதா செத்த வீட்டில் இந்தக் கதை எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகன் ஹினெக் தன் ஆறு வயது மகள் ஜோஹான்காவிடம், அம்மா தூங்குகிறாள் என்று சொல்லி வைத்திருந்தான்.

"புள்ளகிட்ட எதுக்குடா புளுகுற?"

"உங்களுக்கென்னப்பா, பட்டுன்னு போட்டு உடைச்சிருவீங்க. சொல்லிப் பாருங்க, அவளக் கூட்டிக்கிட்டு ஊரவிட்டே போயிருவேன்."

பெருநாள் மாலை திரை விலகியது.

சூனியக்காரி சாபம் கொடுத்தாள். அடுத்து நல்ல தேவதை. அந்த நூல் எப்போதும் க்வேதா கையில் இருக்கும். இன்று அதை ஹினெக் பிடித்திருந்தான்.

"இளவரசி சாக மாட்டா," என்றார் கிழவர், மெல்லிய குரலில். "நூறு வருஷம் தூங்குவா, அவ்வளவுதான்."

முன்வரிசையில் ஜோஹான்கா எழுந்து நின்றாள். "எங்கம்மா மாதிரி! தேவதையே, அவங்க எங்க தூங்குறாங்க? நான் போய் முத்தம் குடுத்து எழுப்புறேன்."

"அப்பா, வேணாம்," என்றான் ஹினெக்.

தூரத்துக் கோட்டை என்று தேவதையின் குரலில் சொன்னால் போதும். பிள்ளை நம்பிவிடும். பிறகு வாசலைப் பார்த்தே வளரும். அதைக் கிழவரால் முழுங்க முடியவில்லை. மேடைக்கு மேலே தலையை நீட்டித் தன் சொந்தக் குரலில் பேசினார்.

"ஜோஹான்கா, இது வெறும் கட்டைம்மா. ஒங்கம்மா தூங்கல. செத்துட்டா. எழுந்திரிக்க மாட்டா."

"நூறு வருஷம் ஆனாலுமா?"

"ஆனாலும்தான்."

ஹினெக் நூலை விட்டான். தேவதை மடங்கி விழுந்தது. அடக்கம் பண்ணிய நாளில்கூட அழாதவன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். குழந்தை மேடையைச் சுற்றிப் போய் அவன் மடியில் ஏறிக்கொண்டு தானும் அழுதது. யாரோ கிளம்பப் பார்த்துக் குளிர்சட்டையை எடுத்தார்கள். பக்கத்து வீட்டு வ்ல்கோவா அம்மாள் முறைத்து உட்கார வைத்தாள்.

வெகுநேரம் கழித்து, "அப்ப இளவரசி?" என்றாள் ஜோஹான்கா.

"அவ எழுந்திரிப்பா. அது கதை."

அவள் தேவதையின் நூலை எடுத்தாள். அவள் கைமேல் ஹினெக் தன் கையை வைத்தான். ஊரைவிட்டுப் போகும் பேச்சு வரவில்லை. கிழவருக்குத் தேவதையின் குரல் திரும்ப வரவில்லை. மீதிக் கதையை முழுக்கத் தன் சொந்தக் குரலிலேயே சொல்லி முடித்தார்.